1947ல் ஒரு டாலர் ஒரு ரூபாயா?

சுதந்திர தினம் நெருங்கினால் போதும், "1947ல் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய்தான், இன்றைக்குப் பாருங்கள்" என்ற ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அது பொய். அன்று ஒரு டாலர் 3 ரூபாய் 31 காசு. நயா பைசா 1957ல்தான் வந்தது என்பதால், அன்றைய கணக்கில் 3 ரூபாய் 5 அணா என்று சொல்வதே சரி.

இது எப்படித் தெரியும்? அன்று ரூபாயின் விலையை டாலரில் யாரும் நிர்ணயிக்கவில்லை, ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1927ல் போட்ட சட்டப்படி ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ், 18ஆல் வகுத்தால் 13.33 ரூபாய். அதே பவுண்டுக்கு அமெரிக்காவில் 4.03 டாலர். 13.33ஐ 4.03ஆல் வகுத்துப் பாருங்கள், 3.31 வரும். சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தில் சேர்ந்த நாடுகள் தங்கள் பணம் எவ்வளவு தங்கத்துக்குச் சமம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 1946 டிசம்பரில் ஒரு ரூபாய்க்கு இந்தியா சொன்னது 0.268601 கிராம், ஒரு டாலருக்கு 0.888671 கிராம். வகுத்தால் மறுபடியும் அதே 3.31.

பழைய மாற்று விகித அட்டவணையைப் பார்க்கும்போது இதைத்தான் கவனிக்க வேண்டும். எல்லா வருடத்துக்கும் ஒரே மாதிரி எண்கள் வரிசையாக இருக்கும், ஆனால் அவை ஒரே ஜாதி எண்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அது வெள்ளியின் விலை. ரூபாய் என்றால் 180 கிரெயின் (பழைய ஆங்கிலேய எடை அளவு) எடையுள்ள நாணயம், அதில் 12ல் 11 பங்கு வெள்ளி. 1870களில் ஜெர்மனி தங்கத்துக்கு மாற, சுரங்கங்களிலிருந்து வெள்ளியும் குவிய, ஏறத்தாழ 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 20 வருடத்தில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் பக்கம் வந்துவிட்டது. இந்தியாவில் யாரும் எதுவும் அறிவிக்கவில்லை, உலோகச் சந்தை விழுந்தது, ரூபாயும் கூடவே விழுந்தது. 1893ல் பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்வதை அரசு நிறுத்திய பிறகுதான் ரூபாய் வெள்ளியின் பிடியிலிருந்து விலகியது. அதற்குப் பிறகு ரொம்ப காலத்துக்கு அட்டவணையில் இருப்பது, பெரும்பாலும், அரசு போட்ட உத்தரவு.

உத்தரவு விலையின் வேடிக்கை 1949ல் நன்றாகத் தெரியும். செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 4.03லிருந்து 2.80 டாலராகக் குறைத்தது, இந்தியாவும் அதே அளவு குறைத்தது. அட்டவணையில் பவுண்டுக்கான பத்தியைப் பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை, அதே 13.33. டாலர் பத்தியில் 3.31 ஒரே தாவலில் 4.76 ஆகிவிட்டது. பாகிஸ்தான் குறைக்க மாட்டேன் என்றது, அதனால் சிறிது காலம் முன்புவரை ஒரே பணமாக இருந்ததில் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றாயிற்று. இந்தியா அந்த விலையை 1951 வரை ஏற்கவே இல்லை, வியாபாரம் நின்றுபோனது.

அப்புறம் 1966 ஜூன் 6. 4.76, 7.50 ஆனது. இதை ஒருவர் 36.5 சதவீதம் என்பார், இன்னொருவர் 57.5 சதவீதம் என்பார், இரண்டும் சரிதான்: ரூபாயின் மதிப்பு குறைந்தது 36.5, டாலரின் விலை ஏறியது 57.5. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் சொன்னால் சண்டைதான் வரும்.

அதிலிருந்து 1980 வரை டாலர் 8 ரூபாயைச் சுற்றியேதான் நின்றது. ரூபாய் அவ்வளவு பலமாக இருந்ததா என்றால், அப்படி இல்லை. 1971ல் டாலருக்குத் தங்கம் தருவதை அமெரிக்கா நிறுத்திய பிறகு டாலரே இறங்கிக்கொண்டிருந்தது, ரூபாய் 1975 வரை பவுண்டோடும் பிறகு பல நாணயங்களின் கூடையோடும் கட்டப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் விகிதம் அசையாது.

சராசரி என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் நான் கடைசியாக நம்புவேன். 1991 ஜூலை 1, 3 என இரண்டே தேதிகளில் டாலர் 21லிருந்து 26 ரூபாய்க்குப் போனது. ஜனவரி முதல் டிசம்பர் வரையான அந்த வருடச் சராசரி 22.7 என்று இருக்கும். ரூபாய் தாண்டிக் குதித்துப் போன விலை அது. ரிசர்வ் வங்கியின் 1991-92 நிதியாண்டு சராசரியை எடுத்தால் 24.47. இரண்டுமே தவறில்லை, ஆனால் எந்தச் சராசரி என்று பார்க்காமல் எடுத்தால் கணக்கு உதைக்கும். 1992 மார்ச்சிலிருந்து ஒரு வருடம் இன்னும் மோசம், ஒரே நாளில் இரண்டு விலை: ஏற்றுமதியாளர் கொண்டுவந்த டாலரில் 40 சதவீதத்துக்கு அரசு விலை, மீதி 60க்குச் சந்தை விலை. 1993 மார்ச்சில் இரண்டையும் ஒன்றாக்கியபோது டாலர் 31 ரூபாயைத் தாண்டியிருந்தது.

அதிலிருந்து சந்தை விலைதான், ரிசர்வ் வங்கி அவ்வப்போது டாலரை வாங்கியும் விற்றும் குறுக்கே வரும் என்றாலும். நாள் முழுக்க மாறுகிற விலையில் "இன்றைய விகிதம்" என்று ஒன்றை எப்படி எடுப்பது? 2018 ஜூலையிலிருந்து இந்த வேலை எஃப்பிஐஎல் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. காலை 11.30க்கும் 12.30க்கும் நடுவில் ஏதோ ஒரு 15 நிமிடத்தைக் குலுக்கலில் எடுத்து, அந்த நேரத்தில் வங்கிகளுக்குள் உண்மையில் நடந்த பரிவர்த்தனைகளின் எடையிட்ட சராசரியை (பெரிய தொகைக்கு அதிக எடை கொடுத்த சராசரி) போடுகிறார்கள். எந்த 15 நிமிடம் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால் விலையைத் தள்ளிவிட நினைப்பவருக்கு அது சுலபமில்லை. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாட்களுக்கு விகிதமே கிடையாது. சில இணையதளங்கள் வெள்ளிக்கிழமை எண்ணையே அந்த நாட்களுக்கும் நிரப்பி வைப்பதால்தான் இரண்டு இடத்தில் எடுத்த மாதச் சராசரி சில பைசா வித்தியாசப்படுகிறது.