ஏஸ்தெடிக் என்றால் அழகா?

'கஃபே செம ஏஸ்தெடிக்கா இருக்கு' என்று ஒரு ரீல்ஸில் கேட்டால் வெள்ளைச் சுவர், தொங்கும் மஞ்சள் பல்பு, ஓரத்தில் ஒரு தொட்டிச்செடி என்று படம் தானாக ஓடுகிறது. ஏஸ்தெடிக் கிளினிக் என்ற பலகையைப் பார்த்தால் முகப்பரு வடு நினைவுக்கு வரும். தத்துவ வகுப்பில் அதுவே ஒரு தனிப் பாடம், தமிழில் அழகியல். மூன்றுக்கும் பொது அழகுதானே, அப்போது அழகியல் என்பது சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் ஏஸ்தெடிக் என்ற சொல்லின் வேரில் அழகு இல்லை.

கிரேக்கத்தில் ஐஸ்தேசிஸ் என்றால் புலன்களால் உணர்வது. சூடு, குளிர், புளிப்பு, வலி எல்லாம் அதில் சேர்த்தி. அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொடுக்கும் அனஸ்தீசியாவும் இதே வேரில் வந்ததுதான், உணர்வு இல்லாத நிலை என்று பொருள். இதை ஒரு அறிவுத்துறையின் பெயராக்கியவர் பாம்கார்டன் என்ற ஜெர்மானியர். 1735-இல், இருபது வயதை ஒட்டி எழுதிய ஆய்வேட்டில் சொல்லைக் கொண்டுவந்தார், 1750-இல் அதையே ஒரு லத்தீன் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். தர்க்கத்துக்கு ஒரு இயல் இருப்பதுபோல் புலன்வழி அறிவுக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் கட்சி. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1781-இல், ரசனை பற்றிய விசாரணைக்கு இந்தச் சொல்லைப் போடுவது ஜெர்மானியர்கள் மட்டும்தான் என்று அடிக்குறிப்பில் குறைபட்டுக்கொண்டார், 1790-இல் அழகைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அவரே அதைத்தான் எடுத்துக்கொண்டார். அப்புறம் சொல் அழகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழுக்கு வந்தபோது அந்த ஒட்டிக்கொண்ட பொருள்தான் வந்தது. அழகு + இயல், அழகியல். முருகு என்றால் அழகு, மணம், இளமை என்பதால் முருகியல் என்றும் சிலர் எழுதினார்கள், கேட்க இனிமை, ஆனால் ஆறுமுகனைப் பற்றிய துறையோ என்று நினைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ரசனை, ரசிகன் எல்லாம் வடமொழி ரசத்திலிருந்து வந்தவை. சாறு, சுவை என்ற பொருள் நல்ல பொருள்தான், ஆனால் ரசிகன் இப்போது கட்அவுட்டுக்குப் பால் ஊற்றப் போய்விட்டான்.

அழகியல் என்ற பெயரோடு ஒரு சிக்கல் கூடவே வருகிறது. அழகாக இருப்பதுதான் ஒரு கலைப்படைப்புக்கு மதிப்பைத் தருகிறது என்று பெயரே சொல்லிவிடுகிறது. சிவனிடம் பேயுருவம் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது: தரையில் உட்கார்ந்த உருவம், எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்புகள், வற்றித் தொங்கும் மார்பு, கையில் தாளம். அம்மையாரே பேயைப் பாடும்போது 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டு கண் வெண்பற் குழிவயிற்று' என்றுதான் தொடங்குகிறார். இதை அழகு என்று சொல்ல வாய் வராது, ஆனால் அதன் முன்னால் நின்றவர் அவ்வளவு எளிதாக நகர்ந்துபோகவும் முடியாது. உடம்பு இவ்வளவு வற்றியும் தாளம் போடும் கை மட்டும் தளரவில்லை என்பதைக் கண் முதலில் பிடிக்கிறது, அதற்கு என்ன பொருள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் வந்து சேர்கிறது.

இந்த இடத்துக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது, மெய்ப்பாடு. உள்ளே எழும் உணர்வு மெய்யில், அதாவது உடம்பில், தெரிவது. தொல்காப்பியம் எட்டு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழகு இந்தப் பட்டியலிலேயே இல்லை. இளிவரல் இருக்கிறது, அது பிறக்கும் இடங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அம்மையாரின் சிலை கிட்டத்தட்ட அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது, கூடவே பெருமிதமும். (அழகு என்ற சொல் தொல்காப்பியத்தில் வேறொரு இடத்தில் வருகிறது, செய்யுளியலில், எட்டு வனப்புகளில் ஒன்றாக. அது செய்யுளின் சொல்லமைப்பைப் பற்றியது, வேறு கதை.)

தொல்காப்பியத்தில் இதைப் பேசும் மெய்ப்பாட்டியலின் கடைசிச் சூத்திரம் இன்னும் நெருங்கி வருகிறது:

கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும்
உணர்வுடை மாந்தர்க்கு அல்லது தெரியின்
நன்னயப் பொருள்கோள் எண்ணருங் குரைத்தே.

கண்ணாலும் காதாலும் உறுதியாக உணரத் தெரிந்தவர்களுக்கே தவிர மற்றவர்களுக்கு இந்த நயமான பொருளைப் பிடிப்பது எண்ணிப்பார்க்கவும் அரிது என்கிறது. முதல் அடியில் இருப்பது அப்படியே ஐஸ்தேசிஸ். மூன்றாம் அடியில் இருப்பதைத்தான் இன்று மொழிபெயர்ப்பாளர்கள் 'அழகியல் முக்கியத்துவம்' என்று அரசாணை நடையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படைப்பும் வேண்டும், அதை உணர்கிற ஆளும் வேண்டும், மதிப்பு அந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் பிறக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். படைப்பு மட்டும் போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அந்தப் பக்கமும் வலுவான ஆட்கள்.

சரி, எழுதும்போது என்ன போடுவது? துறையின் பெயராக அழகியல் இருந்துவிட்டுப் போகட்டும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று ஒரு நிறுவனமே இருக்கிறது, வழக்கு நிலைத்துவிட்டது, பிடுங்கி நட வேண்டியதில்லை. ஒரு படைப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் நயம், கலைநயம் என்று எழுதலாம். கவிநயம், நயம் பாராட்டல் என்று பள்ளியிலேயே பழகிய சொல்தான். மளிகைக் கடையில் நயம் பருப்பு என்றால் முதல் தரம் என்று பொருள், அந்த வாடை ஒட்டியிருப்பதிலும் தப்பில்லை. உணர்வு எப்படி எழுகிறது என்பதை விளக்கும்போது மெய்ப்பாடு. நேர்த்தி என்ற சொல்லை இதற்குப் போடாதீர்கள், அது செய்திறனைத்தான் சொல்லும், நேர்த்தியாகச் செய்த வெறும் பொம்மைகள் ஏராளம்.