“அந்தப் பெண் உங்கள் அலுவலகத்துக்கு வந்தாரா?”

தரவுப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே பயிற்சி வகுப்புகளில் கடவுச்சொல், வைரஸ், எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து கணினிக்குள் நுழையும் திருடன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாவட்டத் தலைநகர் ஒன்றில், தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச சட்ட உதவி மையத்துக்காக வழக்கு நடத்துகிறேன். அந்தத் திருடனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. எங்கள் கட்சிக்காரரின் விவரம் யார் கையில் சிக்கினால் ஆபத்து? பெரும்பாலும் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் கையில்தான்: கணவர், கொழுந்தன், வட்டிக்குக் கொடுத்தவர், சம்பளப் பாக்கி வைத்த முதலாளி. இவர்களுக்குக் கணினி அறிவு எதுவும் வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

“என் தங்கை காலையில் அங்கே வந்தாளா சார்? போனை எடுக்கவில்லை, வீட்டில் எல்லோரும் பதறிப்போயிருக்கிறோம்.” குரலில் உண்மையான பதற்றம் இருக்கும். பேசுபவர் அண்ணனாகவே இருக்கலாம். அண்ணன் பெயரில் பேசும் கணவராகவும் இருக்கலாம். வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளைகள் இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவது இந்த இடத்தில்தான். “வரவில்லை” என்று பொய் சொல்லித் தப்பிக்கலாமே என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்பார்கள். முடியாது. வராதவர்களுக்கு “வரவில்லை” என்றும் வந்தவர்களுக்கு வேறு ஏதோ மழுப்பலும் சொன்னால், மழுப்பலே பதிலாகிவிடும். அதனால் யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், எங்களிடம் ஒரே வாக்கியம்தான்: “யார் வந்தார்கள், வரவில்லை என்று நாங்கள் எவருக்கும் சொல்வதில்லை.” காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் இதே பதில்தான், எழுத்தில் அனுப்பச் சொல்வோம்.

தொலைபேசியில் இவ்வளவு கறாராக இருந்துவிட்டு, வாசலில் வருகைப் பதிவேட்டைத் திறந்து போட்டால் பயனில்லை. பல தொண்டு நிறுவனங்களில் இன்றும் அந்த நீள நோட்டு உண்டு: வரிசை எண், பெயர், ஊர், கைபேசி எண், வந்த காரணம், கையொப்பம். கையெழுத்துப் போடக் குனிபவர் தனக்கு முந்தைய இருபது வரிகளையும் படித்துவிடலாம். ஒரே ஒன்றியத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள். “வந்த காரணம்” என்ற கட்டத்தில் “கணவர் அடிக்கிறார்” என்று ஒருத்தி எழுதியதை அவளுடைய சின்ன மாமியார் படிப்பதற்கு நாமே நோட்டைப் பிடித்துக் கொடுப்பானேன்? ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, எழுதியதும் வாங்கிப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது. காரணத்தை வாசலில் கேட்கவே வேண்டாம். உள்ளே, கதவைச் சாத்திய பிறகு கேட்கலாம்.

சும்மா விசாரித்துவிட்டு, வக்காலத்து (வழக்கு நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாள்) எதிலும் கையெழுத்திடாமல் திரும்பிப் போகிறவர்களும் நிறைய உண்டு. அவர்களுடைய முகவரி, ஆதார், குடும்ப வருமானம் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை. இரண்டு பெயர்கள் மட்டும் வேண்டும்: வந்தவர் பெயர், எதிர்த்தரப்பின் பெயர். மனைவி வந்து போன அடுத்த வாரம் கணவரும் அதே இலவச மையத்தைத் தேடி வருவது சாதாரணமாக நடக்கிறது. அவர் கதையைக் கேட்டு முடித்த பிறகு இது தெரியவந்தால் இருவருக்குமே துரோகம். ஆகவே பெயர்களை முதலில் கேட்கிறோம், கதையைப் பிறகு. பொருந்தி வந்தால், “உங்கள் வழக்கை எங்களால் எடுக்க இயலாது, நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போங்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்” என்று அனுப்பிவிடுவோம். ஏன் இயலாது என்று சொல்வதில்லை. சிலர் கோபித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

வழக்கை எடுத்துக்கொண்டால், முதல் நாள் படிவத்தில் நான் பிடிவாதமாக வைத்திருக்கும் கேள்வி கைபேசியைப் பற்றியது. எண் என்ன என்று கேட்டால் போதாது. அந்தக் கைபேசி யாரிடம் இருக்கிறது, எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்லிக்கொள்வது, வாட்ஸ்அப்பை வேறு யாராவது பார்க்கிறார்களா என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. வழக்குத் தாக்கலின்போது பதிவு செய்யும் எண்ணுக்கு வாய்தா தேதி குறுஞ்செய்தியாக வரும். வீட்டில் எல்லோருக்குமாக ஒரே எண். அந்த சிம் கணவர் கையில். அதையே பழக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார் அந்தப் பெண். நீதிமன்ற அழைப்பாணைக்கு முன்பாகவே கணவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஜெராக்ஸ் கடையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். “இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பிரிண்ட் எடுத்துத் தருகிறேன்” என்பார் கடைக்காரர். மருத்துவச் சான்றும் காயத்தின் புகைப்படமும் முதல் தகவல் அறிக்கையும் அன்றைக்கு அந்தக் கடையின் கணினியில் தங்கிவிடுகின்றன. அடுத்து வருபவர் தன் கோப்பைத் தேடும்போது இதுவும் திரையில் தெரியும். பழைய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது, நன்கொடையில் வாங்கும் எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும்விட உபயோகமானது என்பது என் கட்சி.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற நல்ல அலுவலகங்களும் கோட்டைவிடும் இடம் வேறொன்று இருக்கிறது. விவரம் கசிவது பல சமயம் நாமே தாக்கல் செய்யும் மனுவிலிருந்துதான். நீதிமன்றத்தில் கொடுக்கும் ஒவ்வொரு தாளின் நகலும் எதிர்மனுதாரருக்குப் போயாக வேண்டும். அது நியாயமான விதி. ஆனால் எதிர்மனுதாரர் யார்? கட்சிக்காரர் எவரிடமிருந்து தப்பி ஓடி வந்தாரோ, அவரேதான்.

ஜீவனாம்ச வழக்கை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. வருமானத்தை மறைக்கும் கணவர்களைப் பிடிக்க உதவும் நல்ல தீர்ப்பு. அதற்காக மனைவியும் வங்கிக் கணக்கு அறிக்கையை இணைக்கிறார். குமாஸ்தா அதை அப்படியே நகலெடுத்து வழக்குக் கட்டோடு சேர்த்துவிடுகிறார். அந்த அறிக்கையை ஒருமுறை எதிர்த்தரப்பின் கண்ணால் படித்துப் பாருங்கள். எந்த ஊர் ஏடிஎம்மில் பணம் எடுத்தார் என்று வரிக்கு வரி இருக்கிறது. எந்த மளிகைக்கடைக்கு, எந்த மருந்துக்கடைக்கு யுபிஐயில் பணம் அனுப்பினார் என்று இருக்கிறது. மாதம் பிறந்தால் யாருக்கோ வாடகை போகிறது, பெயரோடு. பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீதை ஆதாரமாக இணைத்தால் பள்ளியின் பெயரும் ஊரும் முத்திரையோடு போய்ச் சேரும். மனுவின் முதல் பக்கத்தில் முகவரியை எழுதாமல் காப்பாற்றிவிட்டு, பின்னிணைப்பில் வழியைச் சொல்லிக் கொடுக்கிறோம்.

என்ன செய்யலாம்? மனுவில் வழக்கறிஞர் மேற்பார்வை (c/o) முகவரியைக் கொடுத்து, இருப்பிடத்தை மறைக்க அனுமதி கேட்டுத் தனி மனு போடலாம். வங்கி அறிக்கையில் தொகையை விட்டுவிட்டு இடம் காட்டும் விவரங்களை மட்டும் மறைத்துத் தர அனுமதி கோரலாம். முழுப் பிரதியை நீதிபதி பார்வைக்கு மட்டும் உறையிலிட்டுத் தருவதாகச் சொல்லலாம். நாமாக மறைத்துத் தாக்கல் செய்யக் கூடாது, மறைத்தார் என்ற பழி கட்சிக்காரர் மேல்தான் விழும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரில் மனு போடலாம். எதிர்மனுதாரர் வசிக்கும் ஊரிலும், சம்பவம் நடந்த ஊரிலும்கூடப் போடலாம். அலைச்சல் குறையட்டும் என்று புகலிடம் இருக்கும் ஊரிலேயே போட்டுவிடுவது வழக்கம். எந்த நீதிமன்றம் என்பதே எந்த ஊர் என்பதைச் சொல்லிவிடுகிறதே என்று யாரும் யோசிப்பதில்லை. அலைச்சலா, ஆபத்தா என்று கட்சிக்காரரிடம் கேட்டு அவரையே முடிவெடுக்கச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

வழக்கறிஞரிடம் சொன்னது வெளியே போகாது என்பதற்குச் சட்டக் காப்பு இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவாக இருக்கிறது. கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வாய் திறக்கக் கூடாது; வழக்கு முடிந்த பிறகும்தான். சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னது இதில் வராது. வழக்கறிஞரின் குமாஸ்தா, பணியாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரையும் இது கட்டுப்படுத்தும். தொண்டு நிறுவனங்களில் சிக்கல் இங்கேதான். எங்கள் மையத்தில் கட்சிக்காரர் முதலில் மனம்விட்டுப் பேசுவது ஆலோசகரிடம் அல்லது களப்பணியாளரிடம். அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள், வழக்கறிஞரின் ஊழியர்கள் அல்லர். அப்படிப்பட்டவர்களைப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆலோசகர் உருக்கமாக எழுதி வைத்த நாலு பக்கக் குறிப்பை நீதிமன்றம் கேட்டால், 132-ஐக் காட்டித் தடுத்துவிடலாம் என்று நான் நம்பியிருக்க மாட்டேன். ஆகவே ஆலோசகர்களிடம் சொல்வது: எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உரக்கப் படித்தால் கட்சிக்காரருக்குச் சங்கடம் தரக்கூடிய எதையும், வழக்குக்குத் தேவையில்லையென்றால் எழுதாதீர்கள். தேவையென்றால் வழக்கறிஞரை உட்கார வைத்துப் பேசுங்கள், அவர் குறித்துக்கொள்ளட்டும்.

நன்கொடையாளர்கள் விஷயத்தில் எனக்கு நிறுவனத்தோடு அடிக்கடி தகராறு வரும். “பயனாளிகள் பட்டியல், கைபேசி எண்ணோடு, புகைப்படத்தோடு” என்று கேட்டு மின்னஞ்சல் வரும். எண்ணிக்கையைத் தரலாம், வழக்கு வகையைத் தரலாம். பெயர் எதற்கு? ஆண்டறிக்கையில் “பெயர் மாற்றப்பட்டுள்ளது” என்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதினால் அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பாலியல் வன்கொடுமை வழக்குகளில் இது வெறும் நாகரிகக் குறைவோடு நிற்காது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவுப்படி குற்றம். அடையாளம் காட்டிக்கொடுக்கும் எந்த விவரமும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகின்றன. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக்கு 17-ஆம் பிரிவில் பெரிய விலக்கு உண்டு என்று சொல்லி நண்பர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமைக்கு அந்த விலக்கு கிடையாது. நன்கொடையாளருக்குப் போகும் புகைப்படமோ உரிமையை நிலைநாட்டவே தேவைப்படாதது. அதற்கு முறையான சம்மதம் வேண்டும். சம்மதம் சுதந்திரமாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அதே நேரத்தில் புகைப்படச் சம்மதத் தாளையும் நீட்டினால், மறுத்தால் வழக்கை எடுக்க மாட்டார்களோ என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். எனவே வழக்கு முடியும்வரை அந்தத் தாளை மேசைக்கே கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கேட்கும்போதும் தமிழில், வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும்.

கடைசியாக, முடிந்த வழக்குகளின் கட்டுகள். அசல் பட்டா, சாதிச் சான்று, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றை முதலிலேயே நகலெடுத்துக்கொண்டு, பார்த்த கையோடு திருப்பித் தந்துவிடுவது உத்தமம். நீதிமன்றத்தில் அசல் தாக்கலாகியிருந்தால், திரும்பப் பெறும் மனுவைத் தீர்ப்போடு சேர்த்தே போட்டுவிட வேண்டும். ஆதார் நகலில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தால் போதும். மேல்முறையீட்டுக் காலம் கழிந்த கட்டுகளை ஆண்டுக்கொருமுறை உட்கார்ந்து கழித்து, தாளைக் கிழித்தே அப்புறப்படுத்துகிறோம், எடைக்குப் போடுவதில்லை. ஜீவனாம்சக் கட்டுகள் மட்டும் விதிவிலக்கு. கணவர் பணம் கட்டாமல் நிறுத்தும் ஒவ்வொரு முறையும், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டியிருக்கும். அந்தக் கட்டுகள் பூட்டிய பீரோவில் வருடக்கணக்கில் இருக்கும். சாவி இரண்டு பேரிடம்.