எப்பிஸ்கோப்பல்: பொருளும் தமிழ் வழக்கும்

அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) மரபில் வந்த திருச்சபையின் பெயர் எப்பிஸ்கோப்பல் திருச்சபை. அதன் உறுப்பினரை எப்பிஸ்கோப்பலியன் என்பர். இச்சொல்லின் வேர் 'எப்பிஸ்கோப்போஸ்' என்னும் கிரேக்கச் சொல். 'எப்பி' என்றால் மேல். 'ஸ்கோப்போஸ்' என்றால் நோக்குபவர். ஏதென்ஸ் நகர அரசு தன் கூட்டாளி நகரங்களுக்கு அனுப்பிய மேற்பார்வை அலுவலருக்கு வழங்கிய இப்பெயரைக் கிறிஸ்தவர்கள் சபைத் தலைவர்களுக்குச் சூட்டினர். 'பிஷப்' என்பதும் இதன் திரிபே.

ஆகவே, இப்பெயர் சுட்டுவது பேராயர்களை (பிஷப்புகளை) கொண்ட நிருவாக முறையை மட்டுமே. அமெரிக்க விடுதலைக்குப் பின், இங்கிலாந்தில் பேராயராக அபிஷேகம் பெறத் தேவையான, அரசருக்கான விசுவாசப் பிரமாணத்தைச் செய்ய இயலாத நிலையில், அமெரிக்கச் சபையின் முதல் பேராயரான சாமுவேல் சீபரி ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குச் சென்று, அங்கிருந்த எப்பிஸ்கோப்பல் பேராயர்களின் கைகளால் 1784 நவம்பர் 14 அன்று அபிஷேகம் பெற்றார். ஆயினும் பேராயர்கள் தனித்து ஆள்வதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் பொதுப் பேரவையில் அவர்களுக்கு ஓர் அவையும், குருமார்களும் இறைமக்களும் அமரும் மற்றோர் அவையும் உண்டு.

எப்பிஸ்கோப்பலியன்களின் நம்பிக்கையை அறிய விரும்புவோர் பெயரை விட்டு, அவர்களின் வழிபாட்டு நூலான பொது ஜெபப் புத்தகத்தைத் திறப்பதே நல்லது. வழிபடும் முறையே நம்பிக்கையைக் காட்டும் என்பது இம்மரபின் பழைய துணிபு. 1549இல் இங்கிலாந்தில் தோன்றிய அந்நூலின் இன்றைய அமெரிக்கப் பதிப்பு 1979ஆம் ஆண்டினது. ஞாயிறுதோறும் மறைநூல் வாசகங்கள், அருளுரை, நைசீன் விசுவாச அறிக்கை, மன்றாட்டு, பாவ அறிக்கை, சமாதான வாழ்த்து என வழிபாடு நகர்ந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரப்படும் திருவிருந்தை அடைகிறது. வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவரும் அதில் பங்குபெறலாம். திருமுழுக்கும் திருவிருந்தும் தலையாய இரு அருட்சாதனங்கள். வேதம், மரபு, பகுத்தறிவு ஆகிய மூன்றையும் துணைகொண்டே கோட்பாடுகளை ஆராய்கின்றனர்.

தமிழில் 'எப்பிஸ்கோப்போஸ்' என்பதற்குப் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு தந்த சொல் 'கண்காணி'. பொருள் பொருத்தம் சிறப்பானதே. ஆனால் இலங்கைத் தோட்டங்களில் கூலியாட்களை மேற்பார்த்த கங்காணியை அறிந்தவர் செவிக்கு அது வேறொன்றை நினைவூட்டும். பிஷப்பைக் குறிக்கும் மற்றொரு சொல்லான 'அத்தியட்சர்' வடமொழிச் சொல்லானாலும், அதி (மேல்), அட்சம் (கண்) எனப் பிரிந்து கிரேக்க அமைப்பை அப்படியே ஒத்திருக்கிறது. 'ஆயர்' என்பதோ மேய்ப்பர் என்னும் உருவகத்திலிருந்து பிறந்தது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை பேராயர் ஆட்சியை ஏற்றது. அதன் வழக்கில் பிஷப் 'பேராயர்' ஆவார். கத்தோலிக்கரோ அச்சொல்லை ஆர்ச்பிஷப்புக்கு ஒதுக்கி, பிஷப்பை 'ஆயர்' என்றே அழைப்பதால் மயக்கம் நேர்வதுண்டு. சபையின் பெயரை 'எப்பிஸ்கோப்பல் திருச்சபை' என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் 'பேராயர் ஆட்சித் திருச்சபை' என விளக்கம் சேர்ப்பதே தகும் என்பது என் கருத்து.