ஏரிப்புல்லை உலர்த்தினால் சரியாகிவிடுமா?

பெங்களூருவின் கிழக்குப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். வர்த்தூர், சர்ஜாபுரா, கே.ஆர்.புரம் பக்கம் கால்நடை மருத்துவராகப் போய்வரும்போது, கோடை நெருங்க நெருங்க அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. “ஏரிப்புல்லைப் பச்சையாகக் கொடுத்தால்தானே கெடுதல்? காயவைத்துக் கொடுத்தால்?”

காயவைத்தாலும் கெடுதல்தான். சாக்கடை கலந்த ஏரிநீரில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுதி. அந்த நீரில் கருகருவென்று வளரும் புல், நைட்ரேட்டைத் தண்டில் சேர்த்துவைக்கிறது. உலர்த்தும்போது புல்லிலிருந்து தண்ணீர் போகும், நைட்ரேட் போகாது. மாட்டின் முதல் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலந்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. மாடு வேகமாக மூச்சுவாங்கும், தள்ளாடும், ஈறும் கண்ணிமையின் உட்புறமும் பழுப்பாகும். ஆலைக்கழிவோடு வந்து புல்லில் சேரும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் வெயிலுக்கு அசைவதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. இளஞ்சோளத்தில் இருக்கும் சயனைடு நஞ்சு, நன்றாக உலர்த்தும்போது பெருமளவு குறைந்துவிடும். ஊரில் சோளத்தட்டையைக் காயவைத்துப் போட்ட பெரியவர்கள் சொன்னது அந்த வகையில் சரியே. சோளத்துக்குச் சரியானதை ஏரிப்புல்லுக்கும் நீட்டுவதில்தான் சிக்கல். இரண்டு நஞ்சுக்கும் மருந்து வேறு. சயனைடில் இரத்தம் செக்கச்செவேல் என்றிருக்கும், நைட்ரேட்டில் சாக்லேட் நிறமாக இருக்கும். மாடு விழுந்து கிடக்கும்போது, புல் எங்கே அறுத்தது என்று கேட்டால் பலர் மழுப்புகிறார்கள். அனுமதியில்லாமல் ஏரிக்கரையில் அறுத்ததைச் சொல்லத் தயக்கம். மருத்துவரிடம் அதை மட்டும் மறைக்காதீர்கள்.

காலி மனைகளில் அறுக்கும் புல்லில் வேறு தொல்லை. காங்கிரஸ் புல் என்று இங்கே எல்லோரும் சொல்லும் பார்த்தீனியம் அதில் கலந்திருக்கும். பச்சையாக இருந்தால் மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். உலர்ந்து நொறுங்கிக் கலந்தபின் ஒதுக்க முடியாது. பால் கசக்கும். உண்ணிச்செடி காய்ந்தாலும் ஈரலைக் கெடுக்கும். கட்டுமானக் கம்பித்துண்டு, ஞெகிழிப் பை பற்றி எழுதவே வேண்டாம்.

ஆகவே ஆனேக்கல், மாலூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருப்பவர்களுக்கும் குத்தகைக்குப் பிடிக்க முடிந்தவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: கோடைக்கான உலர்புல்லை நீங்களே விளைவித்து அறுத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்கு முன் அந்த நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.

எதை விதைப்பது? எல்லோரும் கம்பு நேப்பியர் என்ற ஒட்டுப்புல்லைத்தான் கேட்கிறார்கள். ஆள் உயரத்துக்கு வளர்வதால் வந்த மயக்கம். பச்சைத் தீவனமாக அது அருமையானது. ஆனால் அதன் தண்டு தடிமன். இலை சருகான பிறகும் கணுவுக்குள் ஈரம் நிற்கும். உலர்புல்லுக்கு மெல்லிய தண்டு வேண்டும். கொழுக்கட்டைப்புல், ரோட்ஸ் புல், ஓட்ஸ் ஆகியவை பொருத்தமானவை. பெங்களூருவின் குளிருக்கு என் தேர்வு ஓட்ஸ். இங்கே மழை உச்சம் பெறுவது செப்டம்பர், அக்டோபரில். அந்த மழை ஓயும்போது விதைத்தால், ஜனவரி இறுதிவாக்கில் பயிர் பூக்கும். வானம் தெளிந்து காற்று வறண்டு கிடக்கும் மாதம் அது. பயிரின் காலமும் வெயிலின் காலமும் இப்படி ஒத்துவருவது இந்த ஊருக்கு வாய்த்த வரம்.

கணக்கும் எளிது. நூறு கிலோ பச்சை ஓட்ஸ் உலர்ந்தால் கால்பங்குதான் நிற்கும். நீர் பாய்ச்சிய பத்து குண்டே நிலத்தில், அதாவது கால் ஏக்கரில், சுமார் நான்கு டன் பச்சை கிடைக்கும். உதிர்வது சிதறுவது போக எண்ணூறு கிலோ உலர்புல் தேறும். நாளுக்கு ஐந்து கிலோ என்று வைத்தால் ஒரு பசுவின் கோடையைத் தாண்டிவிடலாம். யூரியாவை அள்ளி வீசாதீர்கள். ஓட்ஸும் நைட்ரேட் சேர்க்கும் பயிர்தான்.

அறுக்கும் நாளில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். இன்னும் பத்து நாள் விட்டால் எடை கூடும் என்று ஆசைப்பட்டு, மணி முற்றும்வரை காத்திருக்கிறார்கள். எடை கூடும், சத்து இறங்கும். பூக்கத் தொடங்கியதிலிருந்து மணியில் பால் பிடிக்கும்வரைதான் ஓட்ஸுக்கு நல்ல நேரம். அப்போது அறுத்தால் புரதம் ஏழெட்டுச் சதவீதம் நிற்கும். நெல் வைக்கோலில் அது மூன்று நான்குதான். முற்றவிட்டால் கிடைப்பது வைக்கோலின் தம்பி, அவ்வளவே.

பனி காய்ந்தபின், காலை பத்து மணிவாக்கில் அறுங்கள். தரையிலிருந்து நான்கு விரல்கடை அல்லது அதற்கும் சற்று மேலே அரிவாள் போகட்டும். மண் ஒட்டாது, நைட்ரேட் அதிகம் தங்கும் அடித்தண்டும் விலகும். அறுத்த இடத்திலேயே மெல்லிய அடுக்காகப் பரப்பி, முதல் நாளே இரண்டு மூன்று முறை புரட்டிவிடுங்கள். மாலையில் சிறு குவியல்களாகக் கூட்டிவிட்டால் இரவுப் பனி மேலோடு நிற்கும். காராமணி கலந்து விதைத்திருந்தால், உச்சிவெயிலில் புரட்டாதீர்கள். சத்துள்ள இலையெல்லாம் பொடிந்து மண்ணில் போய்க் குச்சிதான் மிஞ்சும். தார்ச்சாலையில் பரப்புவது வேண்டாம். ராகிக் கதிரைச் சாலையில் போட்டு வண்டியை ஏறவிடும் வழக்கத்தையே என்னால் ஏற்க முடியவில்லை.

ஈரம் பதினைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கியதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். புல்லை நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் காய்ந்த தூளுப்புடன் போட்டுச் சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்பு கட்டிகட்டியாகத் திரண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. உதிரியாகவே இருந்தால் புல்லைப் போராக அடுக்கலாம். பச்சை நிறம் மங்காமல் இருக்கவேண்டும். வெளுத்துப்போனால் வெயிலில் அதிகநாள் கிடந்திருக்கிறது என்று பொருள்.

அரைகுறையாகக் காய்ந்த புல்லை நீலத் தார்ப்பாயால் இறுக மூடிவைப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். உள்ளே நுண்ணுயிரிகள் பெருகிச் சூடேறும். அந்தச் சூடு மிஞ்சினால், யாரும் தீ வைக்காமலே போர் பற்றிக்கொள்ளும். முதல் சில வாரங்கள் ஓர் இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகிவைத்துச் சற்றுப் பொறுத்து உருவிப் பாருங்கள். கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போரைப் பிரியுங்கள். எரியாமல் தப்பித்தாலும் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு மாட்டின் வழியே பாலுக்கு வரும். பாலில் அதன் எம்1 வடிவத்துக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அந்தப் பாலைக் குடிப்பதில் உங்கள் வீட்டுக் குழந்தையும் சேர்த்தி. பூஞ்சைப் புல்லைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாமா என்பதற்கு ஒரே பதில், எருக்குழி.

விதை, ரகம் பற்றிக் கேட்க ஹெசரகட்டாவில் மத்திய அரசின் தீவன உற்பத்தி நிலையம் இருக்கிறது. தீவனச் சத்து பற்றியென்றால் ஆடுகோடியில் தேசிய விலங்கு ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம். நகரத்திலும் அதன் பக்கத்திலும் இவை இருந்தும் நம்மவர்கள் தீவனக் கடைக்காரரிடமே கேட்கிறார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் புல் மிஞ்சுகிறதே, அதை உலர்த்தலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம். மழையோடு மல்லுக்கட்டி உலர்த்தியதில் பாதி கறுத்துப்போகும். அந்த நேரத்து நேப்பியரையும் மக்காச்சோளத்தையும் நறுக்கி, காற்றுப் புகாத பைகளில் மிதித்து இறுக்கிச் சைலேஜாக, அதாவது புளிக்கவைத்த தீவனமாக, வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதத்தில் கொடுக்கலாம்.