வண்டிப் பந்தல் போட்டும் ஏன் சுடுகிறது?

மத்தியானம் ஒரு மணி. முகாமிட்ட இடத்தில் வண்டியின் பக்கவாட்டுப் பந்தலை இழுத்து விரித்து, இரண்டு கால்களையும் ஊன்றி, நாற்காலியையும் போட்டாயிற்று. வெயில் மேலே படவில்லை. ஆனாலும் உச்சந்தலைக்குப் பக்கத்தில் யாரோ இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப்போல ஒரு காந்தல். சந்தேகமாக இருந்தால் எழுந்து நின்று, புறங்கையைத் துணிக்கு ஒரு சாண் கீழே நீட்டிப் பாருங்கள். தொடவே வேண்டாம், சூடு தானாகக் கையில் இறங்கும்.

வண்டிக் கூரைமேல் பொருத்திய கம்பிச் சட்டத்தில், அதாவது ரூஃப் ரேக்கில், நீளப் பையாகத் தொங்கும் ஆனிங்கைப் பந்தல் என்றே சொல்லிவிடுகிறேன். வேலை ஒன்றுதானே. ஆனால் பந்தலுக்கு எல்லாப் பக்கமும் கால் உண்டு, இதற்கோ ஒரு பக்கம் வண்டிதான் கால். கால் மட்டுமா, சுவரும் அதுதான். இந்தச் சுவரால்தான் நிழலிலும் காற்றிலும் மழையிலும் இதற்குச் சில தனிக் குணங்கள் வந்துவிடுகின்றன.

முதலில் அந்தச் சூட்டுக்கு வருவோம். வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் சூரிய ஆற்றல் வருகிறது. தெளிந்த வானத்தில் உச்சி வெயில் தரையைத் தொடும்போது அது ஏறத்தாழ 1,000 வாட். பந்தல் இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் என்றால் ஐந்து சதுர மீட்டர், 5,000 வாட். ஐந்து இஸ்திரிப் பெட்டிகள் முழுச் சூட்டில் இயங்குவதற்குச் சமமான ஆற்றல், நம் தலைக்கு மேலே ஒரு மெல்லிய துணியின் மீது ஓசையில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது.

அதில் கொஞ்சத்தைத் துணி திருப்பி அனுப்பும், கொஞ்சத்தைக் கீழே கசிய விடும், மிச்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். அடர்நிறத் துணி பத்தில் ஒன்பது பங்கைக்கூட வாங்கிக்கொள்ளும். காற்று அசையாத வேளையில் கணக்குப் போட்டால், இப்படிப்பட்ட துணி சுற்றுக் காற்றைவிட 25 டிகிரிக்கும் மேலே சூடாகலாம். அதாவது காற்று 35 டிகிரி என்றால் துணி 60. இந்தச் சூட்டில் உள்ள எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை எல்லாப் பக்கமும் வீசும். 60 டிகிரித் துணி ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 700 வாட் வீசுகிறது, 35 டிகிரியில் இருந்தால் 500 வாட்தான் வீசியிருக்கும். அந்த 200 வாட் வித்தியாசத்தைத்தான் உச்சந்தலை உணர்கிறது. சூரியனை மறைத்த துணியே ஒரு குட்டி அடுப்பாகிவிட்டது.

அப்படியென்றால் வெளிர்நிறத் துணி வாங்கினால் போதுமா? துணி அவ்வளவு சூடாகாது, உண்மைதான். ஆனால் மெல்லிய வெளிர்த்துணி ஒளியைக் கூடுதலாகக் கீழே கசியவிடும், கண் கூசும், புற ஊதாக் கதிரும் அதிகம் இறங்கும். நல்ல தயாரிப்புகளில் மேல்புறம் வெளிர்நிறமாகவும், அடிப்புறம் ஒளியை நிறுத்தும் அடர்பூச்சாகவோ வெள்ளிப் பூச்சாகவோ இருப்பதற்குக் காரணம் இதுதான். பளபளப்பான உலோகப் பூச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு: சூடாக இருந்தாலும் அது அகச்சிவப்பைக் குறைவாகவே வீசும்.

ஆனால் நிறத்தைவிட முக்கியமானது காற்றோட்டம் என்பது என் கட்சி. பாலைவனத்து பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்தது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்கியது. ஆனால் தொளதொள அங்கிக்குள் ஓடிய காற்று அந்த உபரியை உடலைத் தொடும் முன்பே கொண்டுபோய்விட்டது. இரண்டு அங்கியிலும் உடலுக்கு வந்து சேர்ந்த வெப்பம் ஒன்றேதான். பந்தலுக்கும் இது பொருந்தும். துணிக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி இருந்து, அதில் காற்று ஓடினால் நிறம் பின்னுக்குப் போய்விடும்.

இங்கேதான் நம் சுவர் குறுக்கே நிற்கிறது. சூடான காற்று மேலே ஏறும். மழைக்காக வெளி விளிம்பைத் தாழ்த்திக் கட்டியிருந்தால், அந்தக் காற்று துணியின் அடிப்புறமாக நகர்ந்து வண்டி ஓரத்து மேட்டில் போய் அடையும். அங்கே வெளியேற வழியில்லை. போதாக்குறைக்கு வெயிலில் காய்ந்த தகரமும் பக்கத்திலேயே. எனவே மழை அறிகுறி இல்லாத அமைதியான பகலில் வெளி விளிம்பை ஒரு சாண் உயர்த்திக் கட்டலாம், நாற்காலியையும் வண்டியை ஒட்டிப் போடாமல் வெளி விளிம்புப் பக்கம் தள்ளிப் போடலாம். அப்புறம் தரை. மத்தியானம் வரை வெயில் குடித்த மணல், அதன் பிறகு நிழல் விழுந்தாலும் கீழிருந்து சுட்டுக்கொண்டே இருக்கும். காலையிலேயே பந்தலை விரித்துவிட்டால் அந்தத் தொல்லை பாதியாகும்.

இனி, நிழல் எங்கே விழுகிறது? பந்தலுக்கு நேர் கீழே என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வண்டியை நிறுத்துகிறோம். சூரியன் உச்சியில் இருக்கும்போது மட்டும்தான் அது சரி. அது வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அடிவானிலிருந்து 45 டிகிரி உயரத்துக்கு இறங்கும்போது, இரண்டு மீட்டர் உயரத்துணியின் நிழல் சரியாக இரண்டு மீட்டர் தள்ளி விழும். பந்தலின் அகலமும் அவ்வளவுதான்! 30 டிகிரிக்கு வரும்போது மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடும்.

பிற்பகலில் பந்தல் வண்டிக்கு மேற்கே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் துணிக்கு அடியில் புகுந்து நேராக உங்கள் மடியில் விழும். நிழலோ நகர்ந்து போய் வண்டிக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டி சொகுசாக இருக்கும், நீங்கள் வேர்த்துக்கொண்டிருப்பீர்கள். அதே பந்தலைக் கிழக்குப் பக்கம் விரித்தால்? அதே 45 டிகிரி வெயிலில் இரண்டு மீட்டர் உயர வண்டியின் நிழல் முதல் இரண்டு மீட்டரை மூடும், பந்தலின் நிழல் அடுத்த இரண்டு மீட்டரை மூடும். அதே துணிக்கு நான்கு மீட்டர் நிழல். வண்டியைத் திருப்பி நிறுத்த ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிழலில் இருந்தாலும் தோல் கறுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலைநீளம் குறைந்த ஒளி காற்றில் அதிகம் சிதறும். அதனால் புற ஊதாவில் பெரும்பங்கு சூரியனிலிருந்து நேராக வராமல், நீல வானம் முழுவதிலிருந்தும் பரவலாக வருகிறது. யு.பி.எஃப். 50 என்று எழுதியிருக்கும் துணி, தன்மேல் படும் புற ஊதாவில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே விடும். சரி, ஆனால் பக்கவாட்டில் திறந்து கிடக்கும் வானத்தை அது என்ன செய்யும்? மணல் வேறு கீழிருந்து கொஞ்சம் திருப்பி அனுப்பும், பனித்தரை இன்னும் பல மடங்கு.

அடுத்தது காற்று. ஒருமுறை சாப்பாட்டுத் தட்டுடன் உட்கார்ந்திருந்தபோது, ஒரே வீச்சில் என் பந்தல் கால்களோடு எழும்பி வண்டியைத் தாண்டி மறுபக்கம் போய்த் தொங்கியது. முளை அடிக்கச் சோம்பல்பட்டது நான்தான்.

நடந்தது இதுதான். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப்படி கூடும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 60 நியூட்டன் விசையைத் தரும். ஐந்து சதுர மீட்டருக்கு 300 நியூட்டன், அதாவது 30 கிலோ மூட்டையின் எடை, மேல்நோக்கி. வேகம் இரண்டு மடங்கானால் மூட்டை 120 கிலோ. திறந்த வெளியில் நிற்கும் பந்தலுக்குக் கீழே காற்று நுழைந்து மறுபக்கம் போய்விடும். இங்கே மறுபக்கம் சுவர். காற்று வண்டியில் முட்டி நின்று கீழே அழுத்தத்தைக் கூட்டும். துணிக்கு மேலே வேகமாகக் கடக்கும் காற்றோ அழுத்தத்தைக் குறைக்கும். கீழிருந்து தள்ளல், மேலிருந்து இழுப்பு.

இந்த விசை முழுவதும் ரூஃப் ரேக்கைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகளில் நெம்புகோலாக இறங்கும். விசையின் மையம் வண்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி என்றால் 300 நியூட்டன் மீட்டர் திருப்பம். சாதாரண காரின் சக்கர நட்டை முறுக்க இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். வண்டியின் பக்கத்தையும் பின்புறத்தையும் சுற்றி விசிறிபோல, கால் இல்லாமலேயே விரியும் 270 டிகிரிப் பந்தல்களில் பரப்பும் அதிகம், அத்தனையும் கீல்களை நம்பித்தான் நிற்கிறது. காலும் கயிறும் சேர்த்துக் கட்டினால் விசையில் பெரும்பகுதி தரைக்குப் போய்விடும். முளையைக் கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும், நேராக அடித்தால் மணலில் உருவிக்கொண்டு வரும். பந்தலின் வாய் காற்றைப் பார்த்திருக்கக் கூடாது. பலத்த காற்றில் கயிற்றை நம்பாமல் சுருட்டி வைப்பதுதான் புத்தி.

மழையில் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். சமமாகக் கட்டிய பந்தலில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் 50 லிட்டர், 50 கிலோ. நடுவில் சிறிது தொய்ந்தால் நீர் அங்கே தேங்கும், தேங்கிய எடை இன்னும் தொய்ய வைக்கும், அந்தக் குழி இன்னும் நீரைக் கூப்பிடும். இதை நிறுத்த ஒரே வழி தொடக்கத்திலேயே சாய்வு கொடுப்பது. ஒரு மூலைக் காலை மட்டும் ஒரு சாணுக்கு இறக்கினால் நீர் அந்த மூலையில் வடிந்துவிடும். நைலான் துணி ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் நீளும், ஆகவே விறைப்பாகக் கட்டியதுகூட மழையில் தொய்யும். பாலியஸ்டர் அநேகமாக நீரை உறிஞ்சாது. பருத்தி கேன்வாஸ் வேறு ரகம்: நனைந்ததும் நூல்கள் உப்பி, இடையில் உள்ள துளைகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். அதனால் புதுக் கேன்வாஸை முதலில் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவைப்பது வழக்கம்.

ராத்திரியில் பந்தலுக்கு வேலை இல்லை என்று சுருட்டிவிடுபவர்கள் உண்டு. மேகமில்லாத இரவு வானம், வெப்பத்தைப் பொறுத்தவரை, காற்றைவிட மிகக் குளிர்ந்த ஒரு கூரை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை அகச்சிவப்பாக மேலே அனுப்பிவிட்டுக் காற்றைவிடக் குளிரும், அதன்மேல் பனித்துளி படியும். பகலில் தலையைச் சுட்ட அதே துணி இப்போது குறுக்கே நின்று அந்த இழப்பைத் தடுக்கிறது. விடியற்காலையில் பார்த்தால் வண்டியின் பானெட் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், பந்தலின் மேல்புறத்திலும் துளிகள் கோத்திருக்கும். கீழே விரித்த பாய் மட்டும் காய்ந்திருக்கும். கிளம்பும் அவசரத்தில் அந்த ஈரத்தோடு துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தால் பூஞ்சை பிடிக்கும், உட்பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரியும். நான் முதலில் வெளி விளிம்பைத் தாழ்த்தி நீரை வடியவிடுவேன். மிச்சத்தை வெயில் ஏறியதும் அதே 5,000 வாட் பார்த்துக்கொள்ளும்.