கட்டிவைத்த விமானத்துக்கும் காற்றுப் பிடிக்கும்

ஒக்டோபர் மாதத்து மாலை ஒன்று. ரத்மலானையில் இருந்து காலையில் வந்த இரண்டு சிறு விமானங்கள் திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்தில் பக்கத்துப் பக்கமாக நின்றன. இரண்டும் செஸ்னா 172. வந்தவர்கள் நிலாவெளிக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை திரும்புவதாகத் திட்டம். மூன்றரை மணியளவில் கந்தளாய்ப் பக்கம் வானம் கறுத்தது. மழைக்கு முன்னரே காற்று வந்தது. குளிர்ந்த, மண் வாசனையோடு தரையை உரசிக்கொண்டு வரும் காற்று. ஐந்து நிமிடத்துக்கு மேல் அது அடிக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு விமானத்தின் இடப்பக்கக் கயிறு அறுந்திருந்தது. அந்த இறக்கை மேலே எழும்ப, வலது இறக்கையின் நுனி தரையில் தேய்ந்து நசுங்கிக் கிடந்தது. அறுந்த கயிற்றைக் கையில் எடுத்தேன். வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு.

சிறு விமானங்களின் பராமரிப்புத்தான் என் தொழில். பறக்கும்போது நடந்த சேதத்தைவிட, நிறுத்திவைத்த இடத்தில் நடந்த சேதத்தையே நான் அதிகம் திருத்தியிருக்கிறேன். அதனால்தான் இங்கே விமானம் ஓட்டி வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விமானம் நிற்கிறதா ஓடுகிறதா என்பது இறக்கைக்குத் தெரியாது. முன்னால் இருந்து காற்று வந்தால் அது தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். செஸ்னா 172இன் வெற்று எடை ஏறத்தாழ 750 கிலோ. நான்கு பேரும் எரிபொருளும் நிறைந்த நிலையில்கூட 50 நொட்டுக்கு (மணிக்கு ஏறத்தாழ 93 கிலோமீற்றர்) கிட்டிய வேகத்தில் அந்த இறக்கைகளால் அதைத் தாங்க முடியும். ஆளில்லாமல், டாங்கி பாதியாக நிற்கும்போது அதற்கும் குறைந்த காற்றே போதும். ஒரு வீச்சு மூக்கைச் சற்று உயர்த்திவிட்டால் மீதியை இறக்கை பார்த்துக்கொள்ளும். இடிமழைக்கு முன் வரும் காற்றுக்கு 50 நொட் பெரிய விடயமில்லை.

ஆகவே முதலில் கயிறு. ஒவ்வொரு கயிறும் ஏறத்தாழ 1,360 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்பது ஒற்றை இயந்திர விமானங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொல்லும் அளவு. இரண்டு இறக்கைக்கும் ஒவ்வொன்று, வாலுக்கு ஒன்று. நல்ல நைலோன் கயிறு வாங்குங்கள். நார்க்கயிறு வேண்டாம், நனைந்தால் சுருங்கி விமானத்தையே இழுக்கும், பூஞ்சணம் பிடித்து உள்ளுக்குள் உக்கிப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. போகிற இடத்தில் கயிறு இருக்கும் என்று நம்பி வராதீர்கள். மூன்று கயிறு, சில்லுக்கு வைக்கும் முட்டுக்கட்டைகள், மூடிகள் எல்லாம் ஒரு பைக்குள் அடங்கும். அந்தப் பை உங்கள் விமானத்திலேயே இருக்கட்டும்.

கட்டும் விதத்தைப் பற்றி ஒருமுறை கொட்பேயில் படகு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு பேசினேன். "தம்பி, கயித்த இறுக்கிக் கட்டினா படகு தன்னத்தானே உடைச்சுக்கும். தண்ணி ஏறி இறங்க இடம் விடோணும்" என்றார். "ஐயா, எங்கட விமானத்துக்கு இடம் விட்டா அதுதான் துள்ளித் துள்ளிக் கயித்த அறுக்கும்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப கொஞ்சமா விடு" என்றார். அதுதான் சரியான அளவு. ஒரு அங்குலத் தளர்வு. அதைவிட இறுக்கினால் விமானத்தின் உடற்சட்டம் நெளியும். அதைவிடத் தளர்த்தினால் ஒவ்வொரு வீச்சிலும் விமானம் எழும்பி விழுந்து கயிற்றை அதிர்ச்சியோடு இழுக்கும். கயிறு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இறங்கட்டும். கட்டுவதற்கென்று வைத்த வளையத்தில் மட்டும் கட்டுங்கள். இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தண்டில் கட்டினால் முடிச்சு வழுக்கி இறங்கும், தண்டும் வளையும்.

தரையையும் பாருங்கள். மாரி மழையில் ஊறிய மணலில் திருகி இறக்கிய ஆணி, கோடையில் பிடித்ததுபோலப் பிடிக்காது. கொங்கிறீட்டில் பதித்த வளையம் உள்ள இடத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்தச் சொல்வார்கள். சரிதான், ஆனால் எந்தக் காற்று? ஆடியில் கச்சான் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து நாள்கணக்கில் அடிக்கும். அதற்குப் பதில் சுலபம். இடிமழைக்காற்று அந்த முகில் நிற்கும் பக்கத்தில் இருந்து வரும். சூறாவளி என்றால் காற்று சுற்றிக்கொண்டே போகும். நமது அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. கிழக்கே கடலில் நிற்கும்போது நமக்கு வடக்குக் காற்று. அது நமக்குத் தெற்கால் கரை கடந்தால் காற்று கிழக்குக்குத் திரும்பி, பிறகு தெற்குக்குப் போகும். வடக்கால் கடந்தால் மேற்குக்குத் திரும்பித் தெற்கில் முடியும். மாலையில் சரியாகத் திருப்பி நிறுத்திய விமானம் நள்ளிரவில் பக்கவாட்டுக் காற்றில் நிற்கும். விடியும்போது வாலால் வாங்கும்.

சூறாவளிக்கு நான் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: விமானத்தை இங்கே வைக்காதீர்கள். 1964 டிசம்பரில் இந்தப் பக்கம் அடித்த சூறாவளியை எங்கள் ஊர் முதியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அதன் தொடர் காற்று மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் என்று கணிக்கப்பட்டது. நொட்டில் சொன்னால் 45ஐத் தொடுகிறது. மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். "சாதாரண சூறாவளிதானே" என்ற பேச்சு சிறு விமானத்துக்குப் பொருந்தாது. வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்கம் என்று அறிவிக்கும்போதே முடிவெடுங்கள். ரத்மலானைக்கு ஏறத்தாழ 130 கடல் மைல், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மத்தளவுக்கும் போகலாம். ஆனால் ஒரு நாள் முந்திப் போக வேண்டும். மேகம் மலைநாட்டை மூடிய பிறகு கண்பார்வையில் பறப்பவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது கிளம்புவதைவிட விமானத்தை இழப்பது மேல். இதை மிகுந்த பாரத்தோடு சொல்கிறேன்.

கொட்டகைக்குள் இடம் கிடைத்தால் நல்லது. அங்கேயும் கட்டுங்கள், கதவுகளை முழுதாக மூடுங்கள். பாதி திறந்த கதவால் புகும் காற்று கூரையைத் தூக்கிவிடும்.

வரும் வழியைப் பற்றி ஒன்று. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலையில் வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும், பிற்பகலில் இடிமுகில் கட்டும். முற்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். கடுமையான இடிமுகிலில் இருந்து 20 கடல் மைல் விலகிப் பறங்கள். ஓடுபாதைக்கு அப்பால் மழைத்திரை தெரிந்தால் அதோடு போட்டிபோட்டு இறங்க வேண்டாம்; தள்ளி நின்று சுற்றுங்கள், அல்லது வேறிடம் போங்கள். அந்த முகில் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

நிறுத்தியதும் பிட்டோ குழாய்க்கு, அதாவது வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்க்கு, மூடி போடுங்கள். எங்கள் ஊர்க் குளவிக்கு மண்கூடு கட்ட அதிக நேரம் தேவையில்லை. அந்தக் குழாய் அடைபட்டால் வேகமானி பொய் சொல்லும். 1996இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேருடன் விழுந்த பேர்கன் எயார் விமானத்தின் பிட்டோ குழாயைக் குளவிதான் அடைத்திருக்கும் என்றே விசாரணை கருதியது.

கடைசியாக, வாலில் உள்ள சுக்கானும் விமானத்தைத் திருப்பும் மற்றக் கட்டுப்பாட்டுப் பரப்புகளும். பூட்டுப் போடாமல் விட்டால் பின்னால் இருந்து வரும் காற்று அவற்றைக் கதவுபோல அடித்துச் சாத்தும். புயல் ஓய்ந்ததும் ஒவ்வொன்றையும் கையால் எல்லைவரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். டாங்கியின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பாருங்கள். கடற்காற்று அடித்திருந்தால் உப்பை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

அன்று பக்கத்தில் நின்ற இரண்டாவது விமானத்தில் ஒரு கீறலும் இல்லை. கயிறு நல்லது, முடிச்சும் நல்லது. மறுநாள் காலை அதன் விமானி பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டுச் சுக்கானை இடமும் வலமும் தள்ளினேன். இடப்பக்கம் எல்லையைத் தாண்டிப் போய் இறுகிப் பிடித்தது, திரும்பி வரவில்லை. எல்லையில் நிறுத்தும் தடை வளைந்திருந்தது. சுக்கான் பூட்டு அவருடைய இருக்கைக்குப் பின்னால், உறையைப் பிரிக்காமல் கிடந்தது. அவர் பைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.