குளோன் செய்த டிஸ்க் பூட் ஆகவில்லையா? பழையதை அழித்துவிடாதீர்கள்

பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்குக்குக் குளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, புதியதை மாட்டிக் கணினியைப் போட்டால் பூட் ஆகாமல், அதாவது விண்டோஸ் தொடங்காமல், கறுப்புத் திரை. இந்தப் புகாரோடு பழுதுபார்க்க வரும் கணினிகள் பலவற்றில் கோப்புகள் முழுமையாகவே நகலாகியிருக்கின்றன. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் வழிதான் அறுந்திருக்கிறது. அது தெரியாமல் புதியதை அழித்துவிட்டு, மீண்டும் மீண்டும் நகலெடுக்கிறார்கள். ஏற்கெனவே தளர்ந்த பழைய டிஸ்க் அந்த உழைப்பிலேயே செத்துப்போகிறது.

ஆகவே குளோன் செய்யும் முன்பே பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மஞ்சள் நிறம் காட்டினால் குளோன் வேண்டாம். படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, நான் அடிக்கடி காணும் சிக்கல். குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் மாட்டியபடியே கணினியை இயக்குவார்கள். விண்டோஸ் வரும், வேகமும் கூடியிருக்கும். சில நாள் கழித்துப் பழையதை ஃபார்மட் செய்ததும் கணினி எழுவதில்லை. அப்படி வந்த ஒரு கணினியைத் திறந்து பார்த்தேன்: விண்டோஸ் புதிய டிஸ்க்கில் இருந்தது, அதைத் தொடங்கிவைக்கும் இ.எஃப்.ஐ. பகுதி புதியதில் இல்லவே இல்லை. சி டிரைவை மட்டும் நகலெடுத்திருந்தார்கள். பெரும்பாலும் 100 எம்.பி. அளவே இருக்கும் அந்தச் சிறு பகுதி, ஃபார்மட் செய்த பழைய டிஸ்க்கோடு போயிருந்தது. குளோன் முடிந்தவுடன் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதை மட்டும் கொண்டு இயக்கியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதைச் சரிசெய்யலாம். விண்டோஸ் நிறுவல் யூ.எஸ்.பி.யிலிருந்து கட்டளைத் திரைக்குப் போய், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கருவி கொண்டு புதிய டிஸ்க்கில் ஒரு சிறு இ.எஃப்.ஐ. பகுதியை உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையை இயக்கினால் தொடக்கக் கோப்புகள் மீண்டும் எழுதப்படும். அந்தத் திரையில் உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ பெயர் மாறி நிற்கலாம். உள்ளே விண்டோஸ் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுத்தைக் குறிப்பிடுங்கள்.

பழைய டிஸ்க், பகுதிகளைப் பிரித்து வைக்கும் எம்.பி.ஆர். என்ற பழைய அமைப்பில் இருந்து, கணினி யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையில் மட்டும் பூட் ஆவதாக இருந்தால் குளோன் எழாது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் உடன் வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால், புதிய டிஸ்க்கில் மட்டும் அதை ஜி.பி.டி. என்ற புதிய அமைப்புக்கு மாற்றுங்கள்.

சாட்டா என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க்கிலிருந்து என்.வி.எம்.இ. என்ற வேகமான வகைக்கு மாறும்போது நீலத் திரையில் 'இனாக்சஸபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், அந்த டிஸ்க்குக்கான டிரைவரை விண்டோஸ் தொடக்கத்திலேயே ஏற்றவில்லை என்று கொள்ளலாம். ஒருமுறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களுடன் மட்டும் விண்டோஸ் இயங்கும் முறையில்) நுழைந்து வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிஸ்க்கில் உள்ளவற்றை மறைகுறியாக்கிக் காக்கும் பிட்லாக்கர் பூட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. சில மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். டிஸ்க்கை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். அந்தச் சாவி இல்லையென்றால் நானோ வேறு எந்தப் பழுதுபார்ப்பவரோ உங்கள் கோப்புகளைத் திறந்து தர முடியாது.